அமெரிக்கக் கல்லூரி ஃபிராட்டர்னிட்டிகள்: மதிப்பெண் விதிகளும் உதவித்தொகைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரியில் பிள்ளை சேர்ந்த சில வாரங்களிலேயே "ரஷ் போகப் போகிறேன்" (ஃபிராட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கத்தில் சேர்வதற்கான தேர்வுச் சுற்று) என்று தொலைபேசியில் சொல்வது பல தமிழ்க் குடும்பங்களில் நடக்கிறது. பெற்றோருக்கு உடனே மனதில் வருவது குடியும் கூத்தும்தான். பிள்ளையோ, "அங்கே படிப்புக்கு விதி இருக்கிறது, ஸ்காலர்ஷிப்கூடத் தருகிறார்கள்" என்பான். இரண்டிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்காக இந்தப் பக்கம். மாணவர்களும் பெற்றோரும் படிக்கலாம்.

ஃபிராட்டர்னிட்டி என்பது கேளிக்கைச் சங்கம்தானே? படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தொடக்கமே படிப்பில்தான். 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஃபை பீட்டா காப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கட்டுரை வாசிப்பதும் விவாதிப்பதும்தான் அவர்கள் வேலை. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. பிறகு 1825இல் நியூயார்க் மாநில யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா சொசைட்டி பிறந்தது. இன்று நாம் பார்க்கும் வகை ஃபிராட்டர்னிட்டிகளுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1906இல் வருகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அப்போது கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். தங்க இடம், படிக்கத் துணை எதுவும் எளிதில் கிடைக்கவில்லை. ஒருவருக்கொருவர் படிப்பில் துணை நிற்கக் கூடிய அந்தச் சிறு குழுவிலிருந்துதான் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா உருவானது. மார்ட்டின் லூதர் கிங்கும், உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷலும் பின்னாளில் அதில் உறுப்பினர்கள். 1920களிலேயே கறுப்பினப் பிள்ளைகளை "உயர்நிலைப் பள்ளிக்குப் போ, கல்லூரிக்குப் போ" என்று அழைக்கும் இயக்கத்தை அந்தச் சங்கம் நடத்தியது. படிப்பைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு சங்கம் பிறக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் பிறப்பு ஒன்று, இன்றைய நடப்பு ஒன்று. நீங்கள் சேரப்போவது 1906இன் சங்கத்தில் அல்ல, இந்த வருடத்துக் கிளையில். அதனால்தான் மற்ற கேள்விகள்.

சேர எவ்வளவு ஜிபிஏ வேண்டும்?

ஜிபிஏ என்பது மதிப்பெண் சராசரி. பொதுவாக அதில் 4.0க்கு 2.5 அல்லது அதன் சுற்றுவட்டாரம். முதலாண்டு மாணவருக்கு இன்னும் கல்லூரி மதிப்பெண் வந்திருக்காது என்பதால் உயர்நிலைப் பள்ளி ஜிபிஏவைப் பார்ப்பார்கள். சில சங்கங்கள் 2.7, 3.0 என்றும் வைத்திருக்கின்றன.

இங்கே மூன்று வாசல்கள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேசிய அமைப்புக்கு ஒரு விதி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு விதி, உள்ளூர்க் கிளைக்கு – அதை சாப்டர் என்பார்கள் – இன்னொரு விதி. மூன்றில் எது கடுமையோ அதுதான் செல்லும். தேசிய அமைப்பின் வலைத்தளத்தில் 2.5 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உங்கள் வளாகத்தில் அது 2.75 ஆக இருக்கலாம்.

ஜிபிஏவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் (பாடத்தின் எடையைக் குறிக்கும் எண்) பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். கால்குலஸ் 4 கிரெடிட்டில் சி, வேதியியல் 4 கிரெடிட்டில் பி, வரலாறு 4 கிரெடிட்டில் பி, கட்டுரைப் பாடம் 3 கிரெடிட்டில் ஏ வாங்கியவருக்கு 44ஐ 15ஆல் வகுத்து 2.93 வரும். அந்தக் கால்குலஸில் எஃப் ஆகியிருந்தால் 2.4. ஒரே ஒரு பாடம் கையைவிட்டுப் போனாலும் 2.5 வாசலுக்கு வெளியே நிற்க நேரிடும்.

"எங்கள் சராசரி, வளாகத்து ஆண்கள் சராசரியைவிட அதிகம்" என்கிறார்களே, நம்பலாமா?

எண்ணை நம்பலாம். அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி (பெண்களுக்கான அதே வகைச் சங்கம்) விவகாரங்களுக்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது. செமஸ்டர் முடிந்ததும் ஒவ்வொரு சாப்டரின் சராசரியையும் அது பட்டியலிடும். பக்கத்திலேயே எல்லா ஆண்களின் சராசரி, எல்லாப் பெண்களின் சராசரி ஆகியவையும் இருக்கும். பல இடங்களில் இதைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் "சாப்டர் கிரேட் ரிப்போர்ட்" என்பதையும் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இதில் முதல் சிக்கல்: 2.5க்குக் கீழே இருப்பவரை உள்ளே விடுவதில்லை. வளாகத்து ஆண்கள் சராசரியிலோ அவர்கள் அனைவரும் இருக்கிறார்கள். கீழ்ப்பகுதியை வாசலிலேயே வெட்டிவிட்ட ஒரு கூட்டத்தின் சராசரி, வெட்டாத கூட்டத்தின் சராசரியைவிட மேலே இருப்பது இயல்புதானே. ஃபிராட்டர்னிட்டி படிக்க வைத்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. சொல்லப்போனால், அப்படி வெட்டிய பிறகும் ஒரு சாப்டரின் சராசரி வளாகத்துக்குக் கீழே கிடந்தால், அதைப் பெரிய எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல், சராசரி தன் வயிற்றுக்குள் எதையும் ஒளித்து வைத்துக்கொள்ளும். நாற்பது பேர் உள்ள ஒரு சாப்டரை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் 3.4, பத்துப் பேர் 2.2. சராசரி 3.1, கேட்க அழகாக இருக்கிறது. அந்தப் பத்துப் பேர் தத்தளிக்கிறார்கள் என்பது எங்கும் தெரியாது. உங்கள் பிள்ளை அந்தப் பத்தில் ஒருவனாக இருந்தால் அந்த 3.1 அவனுக்கு ஒரு பயனும் தராது.

அந்தப் பட்டியலில் நான் முதலில் பார்க்கச் சொல்வது புது உறுப்பினர்களின் சராசரியைத்தான். பல வளாகங்களில் அதைத் தனிப் பத்தியாகவே தருகிறார்கள். பழைய உறுப்பினர்கள் 3.2 இருக்க, அந்த செமஸ்டரில் சேர்ந்த புதியவர்கள் 2.6க்கு விழுந்திருந்தால், சேர்க்கைக் காலத்தில் பையன்களின் நேரத்தை அந்த சாப்டர் எப்படிக் கரைக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு செமஸ்டரை மட்டும் பார்க்காமல் நான்கைந்து செமஸ்டர்களை வரிசையாகப் பாருங்கள். ஒருமுறை விழுவது யாருக்கும் நடக்கும். ஒவ்வொரு முறையும் புதியவர்கள் மட்டுமே விழுகிறார்கள் என்றால் அது அந்த சாப்டரின் பழக்கம்.

ஆய்வுகள் ஏதாவது சொல்கின்றனவா?

சொல்கின்றன, பெற்றோருக்குப் பிடித்த பதில் இல்லை. 2018இல் பொருளியலாளர்கள் மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களை எடுத்துக்கொண்டது. ஃபிராட்டர்னிட்டியில் சேர்வது ஜிபிஏவைச் சுமார் 0.25 புள்ளி குறைக்கிறது, பிற்கால வருமானத்தைச் சுமார் 36 சதவீதம் கூட்டுகிறது என்பது அவர்கள் கணக்கு. தொடர்புகளின் மதிப்பு அது என்கிறார்கள். ஒரே ஒரு கல்லூரியின் கதை என்பதை மறக்கக் கூடாது.

இன்னோர் ஆய்வு பெரிய பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் குறைந்தபட்ச ஜிபிஏ விதியையே அளவுகோலாக்கியது. அந்தக் கோட்டுக்கு மயிரிழை மேலே இருந்ததால் சேர முடிந்தவர்களையும், மயிரிழை கீழே இருந்ததால் முடியாதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு கூட்டமும் திறமையில் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் சேர்ந்தவர்களின் மதிப்பெண் குறைந்திருந்தது. இது முக்கியமாக யாரைப் பற்றிய ஆய்வு என்று யோசியுங்கள். கோட்டை ஒட்டி நிற்கும் மாணவனைப் பற்றியது. 3.8 வைத்திருக்கும் பெண்ணுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. 2.55 வைத்திருக்கும் பையனுக்குக் கட்டாயம் பொருந்தும்.

உள்ளே போன பிறகு மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வார்கள்?

ஒரு நல்ல சாப்டரையும் மோசமான சாப்டரையும் பிரித்துக் காட்டும் கேள்வி இதுதான். சேரும்போது கேட்கும் ஜிபிஏவை எல்லோரும் விளம்பரப்படுத்துவார்கள். விழுந்தவனை என்ன செய்கிறார்கள் என்பதைத் துருவிக் கேட்டால்தான் சொல்வார்கள்.

விதிப்புத்தகப்படி நடப்பது ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். குறிப்பிட்ட ஜிபிஏவுக்குக் கீழே போனால் ஒரு செமஸ்டர் "கல்விக் கண்காணிப்பில்" வைப்பார்கள். அந்தக் காலத்தில் விருந்துகளுக்கு வரக் கூடாது, பொறுப்புகளில் இருக்கக் கூடாது, சில இடங்களில் வாக்களிக்கவும் கூடாது. அடுத்த செமஸ்டரும் ஏறவில்லை என்றால் இடைநீக்கம், பிறகு நீக்கம். வாரம் இத்தனை மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது கூடுதல் விதி. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஸ்காலர்ஷிப் சேர் என்று ஒரு மாணவப் பொறுப்பாளர் இருப்பார். (பெயரில் ஸ்காலர்ஷிப் இருந்தாலும் பெரும்பாலும் அவர் வேலை பணம் கொடுப்பதல்ல, படிப்பைக் கவனிப்பது.)

விருந்துக்கு வராதே என்பது தண்டனை. அதனால் கால்குலஸ் புரிந்துவிடாது. நல்ல சாப்டரில் நடப்பது வேறு. செமஸ்டரின் நான்காவது, ஐந்தாவது வாரத்திலேயே முதல் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குவார்கள். அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் இலவச டியூட்டரிங் மையத்துக்குக் கையோடு அழைத்துப் போவார்கள். பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி எது என்று ஞாபகப்படுத்துவார்கள். வீட்டுக்குச் சொல்ல முடியாமல் மூன்று வாரம் வகுப்புக்கே போகாமல் அறையில் படுத்திருக்கும் முதலாண்டு மாணவனை மனநல ஆலோசகரிடம் அனுப்பி வைப்பவர் பல நேரம் ஒரு மூத்த மாணவர்தான். இந்த வகைத் துணையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் பெற்றோரால் செய்ய முடியாத காரியம் அது.

எனவே நேராகக் கேளுங்கள்: "போன செமஸ்டரில் எத்தனை பேர் கண்காணிப்புக்குப் போனார்கள்? அவர்களில் எத்தனை பேர் மீண்டார்கள்?" பதில் சொல்ல முடிந்த பொறுப்பாளர் தன் வேலையைச் செய்கிறார். "அதெல்லாம் இங்கே யாரும் இல்லை" என்று சிரித்தால், கவனிக்க ஆளில்லை என்றுதான் பொருள்.

என் மதிப்பெண் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது?

நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால். கல்விப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் – ஃபெர்பா என்பார்கள் – மாணவரின் ஒப்புதல் இல்லாமல் தனிப்பட்ட மதிப்பெண்ணைக் கொடுக்க விடாது. சேரும்போது நிரப்பும் படிவங்களில் அந்த ஒப்புதலும் ஒன்று. படித்துப் பார்த்துப் போடுங்கள்: மதிப்பெண் தேசிய அலுவலகத்துக்கு மட்டுமா, அல்லது சாப்டரில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படுமா? இரண்டாவது வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் கால் வைத்தவுடன் அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. ஃபீஸ் கட்டுபவர் நீங்கள் என்பதற்காக டீன் அலுவலகம் மார்க் ஷீட்டை அனுப்பிவிடாது. வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விரும்பினால் காட்டலாம் என்று சட்டம் இடம் தருகிறது, ஆனால் பல கல்லூரிகள் பிள்ளையின் ஒப்புதலையே கேட்கின்றன. ஆக, உங்கள் பையனின் மதிப்பெண் இருபது வயது ஸ்காலர்ஷிப் சேருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. முதல் செமஸ்டருக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

முதல் செமஸ்டரிலேயே சேரலாமா?

என் பதில்: காத்திருங்கள். ஒரு செமஸ்டர் முடிந்து, மதிப்பெண் கையில் வந்த பிறகு போங்கள்.

சில பல்கலைக்கழகங்களே இதை விதியாக வைத்திருக்கின்றன. பிரின்ஸ்டன் 2012 முதல் முதலாண்டு மாணவர்கள் ஃபிராட்டர்னிட்டியில் சேரவே கூடாது என்று தடுத்தது. வேறு பல இடங்களில் இரண்டாவது செமஸ்டருக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். விதி இல்லாத இடத்தில் ஆகஸ்டிலேயே இழுப்பார்கள். "இப்போது விட்டால் இடம் போய்விடும்" என்பார்கள். ஜனவரியிலும் சேர்க்கை உண்டு, அடுத்த ஆண்டும் உண்டு. நல்ல மதிப்பெண்ணோடு வரும் ஒருவரை எந்த சாப்டரும் வேண்டாம் என்று சொல்லாது, அவர்களுடைய சராசரியை உயர்த்தப் போவது அவர்தானே.

பழைய வினாத்தாள்கள், குறிப்புகள் அவர்களிடம் இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். பேராசிரியரே திருத்திக் கையில் கொடுத்த பழைய தாளை வைத்துப் பயிற்சி செய்வது பல இடங்களில் தவறில்லை, ஆனால் அந்தப் பேராசிரியரின் பாடத்திட்ட அறிவிப்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெளியே எடுத்துப் போகக் கூடாத தாளை செல்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால், அல்லது போன வருட அசைன்மென்டை அப்படியே எடுத்துக் கொடுத்தால், அது திருட்டு. பிடிபடும்போது தண்டனை சாப்டருக்கு வருகிறதோ இல்லையோ, தாளில் பெயர் எழுதிய உங்களுக்குக் கட்டாயம் வரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒரு செமஸ்டர் இடைநீக்கம் என்பது விசா நிலையையே இழப்பதில் போய் முடியும்.

உதவித்தொகையை யார் தருகிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் எங்கே கேட்பது என்பதும் புரிந்துவிடும். அமெரிக்க வரிச் சட்டத்தில் ஃபிராட்டர்னிட்டி என்பது ஒரு சமூகக் கிளப். அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு வரிவிலக்கு கிடையாது. அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய அமைப்பும் பக்கத்தில் தனியாக ஓர் அறக்கட்டளையை நடத்துகிறது. அது கல்விக்கான அறநிறுவனம், அதற்குக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிவிலக்கு உண்டு. படித்து வேலைக்குப் போன பழைய உறுப்பினர்கள் அதில் பணம் போடுவார்கள். இறந்துபோன நண்பர் பெயரில், பிடித்த பேராசிரியர் பெயரில் நிதி வைப்பார்கள். அந்த நிதியைக் கல்விக்குத்தான் செலவிட முடியும், விருந்துக்கு முடியாது. உதவித்தொகையாகவும், உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் ஃபிராட்டர்னிட்டி வீட்டில் படிப்பறை கட்டும் மானியமாகவும் அது வெளியே வருகிறது.

ஆக, மூன்று இடங்களில் தேட வேண்டும். தேசிய அறக்கட்டளை ஒன்று. உங்கள் சாப்டருக்கென்று பழைய மாணவர்கள் வைத்திருக்கும் உள்ளூர் நிதி இன்னொன்று. வளாகத்திலுள்ள எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான கவுன்சில்கள் தரும் தொகை மூன்றாவது. இவற்றில் இரண்டாவதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். விண்ணப்பிக்கத் தகுதியானவர்கள் அந்த ஒரு சாப்டரில் இருப்பவர்கள் மட்டுமே என்பதால் போட்டி மிகக் குறைவு. அறிவிப்பும் சரியாக வராது. பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் போதும்.

எவ்வளவு கிடைக்கும்?

பெரும்பாலும் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை. படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கும் தொகை மிக அரிது. அதே நேரத்தில் செமஸ்டர் சந்தா, சேர்க்கைக் கட்டணம், சட்டை, பயணம் என்று வெளியே போகும் பணத்தையும் எழுதிப் பாருங்கள். நான்கு வருடச் சந்தா, கிடைக்கக்கூடிய உதவித்தொகையைத் தாண்டிவிடுவதே வழக்கம். உதவித்தொகைக்காக மட்டும் ஃபிராட்டர்னிட்டியில் சேர்வது கணக்குக்கு ஒத்துவராது. வேறு காரணங்களுக்காகச் சேர்ந்தவர் கேட்டு வாங்காமல் விடுவதும் நஷ்டம்தான்.

உறுப்பினராகாமலே வாங்கக்கூடியது உண்டா?

உண்டு, அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. சிக்மா ஃபை எப்சிலான் சாப்டர்கள் பல, "பேலன்ஸ்டு மேன் ஸ்காலர்ஷிப்" என்ற பெயரில் புதிதாக வரும் ஆண் மாணவர்களுக்குத் தொகை தருகின்றன. சேர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நல்ல மாணவர்களைச் சந்திக்க அவர்களுக்கு அது ஒரு வழி, அதில் ஒளிவுமறைவும் இல்லை. விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், தொகையை வாங்கிக்கொண்டு, "நன்றி, சேரும் எண்ணம் இல்லை" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் கல்வி அறக்கட்டளை 1980 முதல் இயங்குகிறது, அதன் உதவித்தொகைக்கும் உறுப்பினராக வேண்டியதில்லை. சென்னையில் வேர் உள்ள ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்தது இந்தச் சொராரிட்டியில்தான்.

இன்னொன்று ஃபிராட்டர்னிட்டி அல்ல, ஆனால் அந்த வீட்டு வாழ்க்கையை ஒத்தது: எவன்ஸ் ஸ்காலர்ஷிப். கோல்ஃப் மைதானத்தில் கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளராக) வேலை செய்த, வசதி குறைந்த, நன்றாகப் படிக்கும் பள்ளி மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் தருகிறது. 1930இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பல வளாகங்களில் அவர்களுக்கென்றே தனி வீடு, ஒன்றாக வாழ்ந்து ஒன்றாகப் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேடி வேலை செய்த அனுபவம் முன்பே வேண்டும்.

இந்தத் தொகை கிடைத்தால் கல்லூரி தரும் உதவி குறையுமா?

குறையலாம். வெளியிலிருந்து வரும் எந்த உதவித்தொகையையும் கல்லூரி நிதி உதவி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மொத்த உதவி தேவையைத் தாண்டினால் அவர்கள் எதையாவது வெட்டுவார்கள். கடனை வெட்டினால் நமக்கு லாபம், கல்லூரியே தந்த மானியத்தை வெட்டினால் வாங்கியும் பயனில்லை. மேரிலாந்து 2017இல் தன் பொதுக் கல்லூரிகள் இப்படி மானியத்தை வெட்டுவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது, அதன் பின் வேறு சில மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. உங்கள் கல்லூரியில் என்ன வழக்கம் என்று அலுவலகத்தில் கேளுங்கள். மானியத்தை வெட்டுவார்கள் என்றால், தொகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளித் தர முடியுமா என்று அறக்கட்டளையைக் கேட்கலாம்.

வரி உண்டா?

பட்டப்படிப்பு மாணவர் கல்விக் கட்டணத்துக்கும், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்கும் செலவிட்டால் வரி இல்லை. ஃபிராட்டர்னிட்டி வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவிட்ட பகுதிக்கு வரி உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

எஃப்-1 விசாவில் வந்தவர் சேரலாமா, தொகை வாங்கலாமா?

சேர விசா தடையில்லை. கூட்டாட்சி அரசின் மாணவர் உதவி எஃப்-1 மாணவருக்குக் கிடையாது என்பதால், தனியார் அறக்கட்டளைத் தொகைகள் அவர்களுக்கு இன்னும் முக்கியம். சில அறக்கட்டளைகள் குடியுரிமை கேட்கும், பல கேட்பதில்லை. விண்ணப்ப விதியைப் படித்தால் தெரிந்துவிடும். வரி விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு: வரி விதிக்கக்கூடிய பகுதியிலிருந்து பொதுவாக 14 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இளங்கலை மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படிக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். ஃபிராட்டர்னிட்டி வேலையில் மூழ்கி, சிரமமான பாடத்தைக் கைவிட்டு 11க்கு இறங்கினால் ஜிபிஏ தப்பிக்கும், விசா தப்பிக்காது. எந்தப் பாடத்தைக் கைவிடும் முன்னரும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தெற்காசியர்களுக்கென்று தனிச் சங்கங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 1994இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஐயோட்டா நியூ டெல்டா, 1998இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் டெல்டா எப்சிலான் சை, அதே ஆண்டு ஹூஸ்டனில் பெண்களுக்கான டெல்டா ஃபை ஒமேகா, 1999இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யுசிஎல்ஏ) பீட்டா கை தீட்டா. உறுப்பினர் எண்ணிக்கை சிறிது, பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, பழைய அமைப்புகளுக்கு இருக்கும் நூறாண்டு நிதியும் கிடையாது. எனவே உதவித்தொகையும் சிறிதாகவே இருக்கும். சிறிய சாப்டரில் ஒருவர் மதிப்பெண் விழுந்தாலே சராசரி ஆடும், அதனால் அவர்களின் எண்ணைப் பல செமஸ்டர்கள் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நம்மவர்கள்தானே என்ற நம்பிக்கையில் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்காமல் விடாதீர்கள்.

ஃபை பீட்டா காப்பா, டாவ் பீட்டா பை என்று அழைப்பு வந்திருக்கிறது. இதுவும் ஃபிராட்டர்னிட்டியா?

இல்லை, இவை மதிப்பெண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கும் கௌரவச் சங்கங்கள். 1776இல் தொடங்கிய அதே ஃபை பீட்டா காப்பா இன்று கலை, அறிவியல் மாணவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் இருப்பவர்களை மட்டுமே அழைக்கிறது. 1885இல் லீஹை பல்கலைக்கழகத்தில் தோன்றிய டாவ் பீட்டா பை பொறியியலுக்கானது. மூன்றாம் ஆண்டில் முதல் எட்டில் ஒரு பங்கு, நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். உறுப்பினர்களுக்கு உதவித்தொகைகளும் தருகிறது. இந்த இரண்டில் எது வந்தாலும் மகிழ்ச்சியோடு சேருங்கள்.

கிரேக்கப் பெயரைப் போட்டுக்கொண்டு பணம் மட்டும் கேட்கும் மின்னஞ்சல்களும் வரும். உங்கள் வளாகத்தில் அதற்கு சாப்டரும் பேராசிரியர் ஆலோசகரும் உண்டா என்று துறையில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். சந்தாவைக் கட்டுவது அதற்குப் பிறகு.

ஃபிராட்டர்னிட்டியில் சேர்ந்ததால் கல்லூரி தண்டித்ததுண்டா?

ஹார்வர்டு முயன்றது. ஒரே பாலினத்தவரை மட்டும் சேர்க்கும் சங்கங்களில் இருப்பவர்களுக்கு ரோட்ஸ், மார்ஷல் என்ற, பிரிட்டனில் மேற்படிப்புக்கான புகழ்பெற்ற உதவித்தொகைகளுக்குக் கல்லூரியின் பரிந்துரை கிடையாது என்று 2016இல் அறிவித்தது. 2017இல் நுழைந்த மாணவர்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. வழக்குகள் தொடர்ந்தன. 2020இல் ஹார்வர்டு அந்தக் கொள்கையைக் கைவிட்டது.

ஹேசிங் பற்றிச் சொல்லவே இல்லையே?

படிப்பை நேரடியாக அழிப்பது அதுதான். புது உறுப்பினர் காலத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுப்புவது, தேர்வுக்கு முந்தைய நாள் வேலை ஏவுவது, குடிக்கக் கட்டாயப்படுத்துவது எல்லாம் ஹேசிங். மாணவர்கள் செத்திருக்கிறார்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை, முதல் அறிகுறியிலேயே வெளியே வந்துவிடுங்கள். போட்ட பணம் போகட்டும்.

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, எந்தெந்தச் சங்கம் ஹேசிங் விதியை மீறியது என்பதைக் கல்லூரிகள் பொதுவில் அறிக்கையாக வெளியிட வேண்டும். சாப்டரின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் அன்றே இந்த அறிக்கையையும் பாருங்கள். சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இதில் பெயர் இருந்தால் அந்த வீடு வேண்டாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டேன், முதல் தேர்விலேயே விழுந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் கல்லூரி நாட்காட்டியை எடுத்து, பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதியைப் பாருங்கள். இன்னும் நாள் இருந்தால் அவசரம் இல்லை. பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய், மீதி மதிப்பெண்ணில் எவ்வளவு எடுத்தால் சி வரும் என்று கேளுங்கள். நேரே சொல்லிவிடுவார்கள். அது முடியாத எண் என்றால் கல்வி ஆலோசகரிடம் பேசிக் கைவிடலாம், எஃப்-1 மாணவர் 12 கிரெடிட்டை எண்ணிவிட்டு. உதவித்தொகை ஏதாவது வாங்கிக்கொண்டிருந்தால் அதற்கு எத்தனை கிரெடிட், எவ்வளவு ஜிபிஏ தேவை என்பதையும் அன்றே பாருங்கள்.

அடுத்து சாப்டரில் சொல்லுங்கள். புது உறுப்பினர் பயிற்சியை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளி வைக்கப் பல அமைப்புகளில் வழி உண்டு, எழுத்தில் கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்க மறுத்து, "எல்லோரும் சமாளிக்கவில்லையா" என்று கேட்கும் இடம் என்றால் விலகல் கடிதம் கொடுத்துவிடலாம். முழு உறுப்பினராகும் சடங்கு நடப்பதற்கு முன் விலகினால், அடுத்த ஆண்டு அதே வளாகத்தில் வேறொரு சாப்டரில் சேரவும் பெரும்பாலும் தடை இருக்காது. அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டு அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள், மார்க் வந்து அவர்களாகத் தெரிந்துகொள்ளும் முன்.